இரண்டு பத்திகள், ஓர் ஊர்

1

1979இல் பாரிஸில் வெளியான ஒரு பொருளாதார நூல் சிறுகதையைப் போலத் தொடங்குகிறது. இரண்டு கிராமங்கள். ஒன்று மாடேர், மற்றது செஸ்ஸாக். ஆசிரியர் ழான் ஃபூராஸ்தியே இரண்டையும் அருகருகே வைத்து விவரிக்கிறார். விவரிக்கிறார் என்பதுகூட மிகைதான். பெரும்பாலும் எண்ணிச் சொல்கிறார்.

மாடேரில் 534 பேர் வசிக்கிறார்கள். உழைத்துச் சம்பாதிப்பவர்கள் 279 பேர். அவர்களில் 208 பேர் விவசாயிகள். ஊர் முழுவதற்கும் இரண்டு டிராக்டர். கோதுமை விளைச்சல் ஹெக்டேருக்கு 12 குவிண்டால். வீடுகள் 163, அவற்றில் கழிப்பறை உள்ளேயே இருப்பவை 10. கார் 5, தொலைபேசி 5, குளிர்பதனப் பெட்டி 5. துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. குடும்பச் செலவில் முக்கால் பங்கு சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. ஒரு கிலோ வெண்ணெய் வாங்க ஒரு சராசரித் தொழிலாளி ஏழு மணி நேரம் உழைக்க வேண்டும்.

செஸ்ஸாக்கில் 670 பேர். சம்பாதிப்பவர்கள் 215, விவசாயிகள் 53 பேர்தான். ஆனால் டிராக்டர் 40. கோதுமை ஹெக்டேருக்கு 35 குவிண்டால். வீடுகள் 212, உள்ளே கழிப்பறை உள்ளவை 150. கார் 280, தொலைபேசி 110, குளிர்பதனப் பெட்டி 210, துவைக்கும் இயந்திரம் 180.

வாசிக்கிறவன் மாடேரை ஏதோ ஒரு ஏழை நாட்டில் வைத்துப் பார்க்கிறான். செஸ்ஸாக்கை பிரான்ஸிலோ அமெரிக்காவிலோ வைக்கிறான். அப்படி வைக்கட்டும் என்றுதான் ஆசிரியரும் காத்திருக்கிறார். பிறகு முடிச்சை அவிழ்க்கிறார். இரண்டும் ஒரே ஊர். பிரான்ஸின் தென்மேற்கில், கேர்ஸி என்ற பழம்பெயர் கொண்ட பிரதேசத்தில், லோத் நதிக்கரையில் இருக்கும் துவெல். மாடேர் என்பது 1946இன் துவெல். செஸ்ஸாக் என்பது 1975இன் துவெல்.

நூலின் பெயர் 'மகோன்னதமான முப்பது ஆண்டுகள்' என்று பொருள்படும். 1830 ஜூலையில் பாரிஸில் நடந்த மூன்று நாள் புரட்சியை பிரெஞ்சுக்காரர்கள் 'மகோன்னதமான மூன்று' என்பார்கள். அதை ஒட்டி வைத்த பெயர். துணைத்தலைப்பு, 1946 முதல் 1975 வரையிலான 'கண்ணுக்குத் தெரியாத புரட்சி' என்கிறது. பின்னால் பாடப்புத்தகங்களிலும் தினசரிகளிலும் அரசியல்வாதிகளின் பேச்சிலும் அந்தப் பெயர் ஒரு காலகட்டத்தின் பெயராகவே ஆகிவிட்டது. ஒரு காலத்துக்குப் பெயர் வைக்கும் அதிர்ஷ்டம் கவிஞர்களுக்குக்கூட அபூர்வமாகத்தான் வாய்க்கிறது.

கவிதையும் விமர்சனமும் படிக்கிற நமக்கு ஒரு பிரெஞ்சு கிராமத்தின் குளிர்பதனப் பெட்டிக் கணக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். என் பதில் இது. கிராமத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும், கதையோ கவிதையோ சரித்திரமோ எதை எழுதினாலும், இந்த இரண்டு பத்திகளில் ஒன்றிலிருந்துதான் எழுதுகிறோம். எந்தப் பத்தியிலிருந்து எழுதுகிறோம் என்ற பிரக்ஞை நம்மிடம் அநேகமாக இருப்பதில்லை. இரண்டு பத்திகளுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டைப் பற்றியோ யோசிப்பதே இல்லை.

2

நான் உத்தியோகம் பார்ப்பது வங்கியில். இரண்டு தேதிகளின் இருப்பை அருகருகே எழுதுவது எங்களுக்கு அன்றாட வேலை. சென்ற வருஷம் மார்ச் 31இல் இவ்வளவு, இந்த வருஷம் மார்ச் 31இல் இவ்வளவு. இருப்பு பொய் சொல்லாது. ஆனால் நடுவில் என்ன நடந்தது என்பதையும் அது சொல்லாது. யார் போட்டார், யார் எடுத்தார், எந்தக் கணக்கு முடிக்கப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் பேரேட்டைத் திறக்க வேண்டும். ஃபூராஸ்தியேயின் அட்டவணை இரண்டு இருப்புகளைத் தருகிறது. துவெல்லின் பேரேட்டை நாமேதான் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் பூகோளம். லோத் நதி கிழக்கே ஸெவென் மலைப்பக்கத்தில் பிறந்து, மேற்காக ஏறத்தாழ 480 கிலோமீட்டர் ஓடி, எகியோன் என்ற ஊரருகே கரோன் நதியில் கலக்கிறது. நேராக ஓடும் பழக்கம் அதற்கு இல்லை. சுண்ணாம்புக்கல் பீடபூமியை அறுத்துக்கொண்டு, பாம்பு ஊர்வதைப் போல வளைந்து வளைந்து போகிறது. மேலே பீடபூமியில் தண்ணீர் நிற்காது. மெல்லிய மண், கல், குட்டையான ஓக் மரங்கள், ஆடுகள். கீழே நதி வளைவுகளில் வண்டல். திராட்சைக்கு இரண்டுமே ஆகும். மாவட்டத் தலைநகரான காவோர் ஒரு பெரிய வளைவுக்குள் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், இன்னொரு வளைவில், துவெல்.

ஊரின் பெயரைச் சொன்னாலே பிரெஞ்சுக் காதுக்கு மதுப் பீப்பாயின் வளைந்த பலகை நினைவுக்கு வரும். அந்தச் சொல்லுக்கு மொழியில் அதுவே பொருள். பொருத்தமான பெயர்தான். காவோர் பிரதேசத்தின் கறுப்பு ஒயின் பீப்பாய்களில் ஏற்றப்பட்டு, தட்டையடிப் படகுகளில் லோத் வழியாகவும் கரோன் வழியாகவும் பொர்தோ துறைமுகம் வரை போயிற்று. துவெல் அந்தப் படகுக்காரர்களின் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நதியில் அணைகளும் மதகுகளும் கட்டிப் போக்குவரத்தைச் சீராக்கினார்கள். பணம் புழங்கிய படித்துறை அது.

அதே நூற்றாண்டு அதை முடித்தும் வைத்தது. 1869இல் ரயில் காவோருக்கு வந்தது. பீப்பாய்கள் படகிலிருந்து இறங்கி ரயிலில் ஏறிக்கொண்டன. 1870களின் பிற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்னத் தொடங்கியது. படகும் போயிற்று, படகில் ஏற்றுவதற்கு இருந்த சரக்கும் போயிற்று. பிறகு 1914இன் யுத்தம் இளைஞர்களைக் கொண்டுபோயிற்று. லோத் மாவட்டத்தின் ஜனத்தொகை 1851இல் ஏறத்தாழ 2,96,000. 1975இல் ஏறத்தாழ 1,51,000. ஒன்றேகால் நூற்றாண்டில் பாதி ஜனங்கள் இல்லாமல் போன பூமி இது.

இதை வைத்துக்கொண்டு முதல் பத்தியை மறுபடியும் படித்தால் அது வேறு மாதிரி தெரிகிறது. மாடேரைப் படிக்கிறவன் அதை 'ஆதிகாலம் தொட்டு அப்படியே இருந்துவந்த கிராமம்' என்று எடுத்துக்கொள்கிறான். இரண்டு டிராக்டர், ஐந்து கார், ரொட்டி, உருளைக்கிழங்கு, சூப் என்றதும் மாறாத பழமை என்று மனசு முடிவுகட்டிவிடுகிறது. 1946இன் துவெல் மாறாத கிராமமே அல்ல. அது ஒரு நூற்றாண்டு காலம் சரிந்து வந்து நின்ற இடம். வியாபாரத்தில் இருந்த ஊர், வியாபாரம் போனபின் தனக்குத் தேவையானதைத் தானே விளைவித்துத் தின்னும் ஊராகச் சுருங்கியது. 208 விவசாயிகளில் எத்தனை பேரின் தாத்தாக்கள் படகில் பொர்தோவைப் பார்த்தவர்கள் என்ற கேள்விக்கு அட்டவணையில் இடம் இல்லை.

இன்னொன்று. 1946 சாதாரண வருஷமும் அல்ல. யுத்தம் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. உணவுப் பங்கீடு பிரான்ஸில் 1949 வரை நீடித்தது. நோயாளி படுக்கையில் இருந்தபோது எடுத்த எடையையும், தேறி நடமாடும்போது எடுத்த எடையையும் ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதாகத்தான் இருக்கும். ஃபூராஸ்தியே பொய் சொல்லவில்லை. கதை எழுதுகிறவன் தன் கதையின் முதல் வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பதைப் போல, தொடங்கும் வருஷத்தைத் தேர்ந்தெடுத்தார்.

3

இனி ஜனத்தொகை. இந்த அட்டவணையில் எனக்கு மிகவும் முக்கியமாகப்பட்டவை கார்களும் இயந்திரங்களும் அல்ல. முதல் இரண்டு வரிகள். 534 பேரில் உழைப்பவர் 279, அதாவது நூற்றுக்கு 52. 670 பேரில் 215, நூற்றுக்கு 32. ஊர் பெருத்திருக்கிறது, உழைக்கிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். ஆறு பேரில் மூன்று பேருக்கு மேல் உழைத்த இடத்தில் இப்போது இரண்டு பேர் உழைக்கிறார்கள்.

மீதிப் பேர் யார்? பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளைகள். கட்டாயக் கல்வி வயதை 16 ஆக உயர்த்தும் உத்தரவு 1959இல் வந்தது. ஓய்வூதியம் வாங்குகிற கிழவர்கள். விவசாயிகளுக்கு முதுமைக்கால உதவி 1952இல் சட்டமாயிற்று. முன்பு வயலில் வேலை செய்வதால் 'விவசாயி' என்று எண்ணப்பட்டு, வயல் போனபின் எந்த வரியிலும் வராமல்போன பெண்கள். உழைப்புக் கணக்கில் வராதவள் உழைக்காதவள் என்று பொருள் இல்லை. துவைக்கும் இயந்திரம் 180 வீடுகளுக்கு வந்தது யார் கைக்கு ஓய்வு கொடுத்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது தொழில். மாடேரில் உழைப்பவர்களில் நான்கில் மூவர் விவசாயிகள். செஸ்ஸாக்கில் நான்கில் ஒருவர். கண்ணாடியில் பார்த்ததைப் போலத் தலைகீழ். வயலுக்கு வெளியே பிழைப்பவர்கள் 71 பேரிலிருந்து 162 பேராகிறார்கள். அவர்களுக்குள் கைவினைஞர்கள் 27லிருந்து 25. கிட்டத்தட்ட அதே அளவு. கடை, அலுவலகம், பள்ளி, தபால், வங்கி என்று சேவைத் தொழிலில் இருப்பவர்கள் 32லிருந்து 102. என் இனத்தார் அங்கேதான் இருக்கிறார்கள்.

இந்தக் கடைசி எண் தற்செயலானது அல்ல. ஃபூராஸ்தியே 1949லேயே தன் நூல் ஒன்றில், மனிதர்கள் மண்ணிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து சேவைத் தொழில்களுக்கும் நகர்வார்கள் என்று வாதாடியவர். இருபதாம் நூற்றாண்டின் மகத்தான நம்பிக்கை அதுதான் என்று எழுதினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், சிறுவயதிலிருந்து தனக்குத் தெரிந்த ஊரிலேயே அதற்குச் சாட்சி கிடைத்தது. ஆலை என்ற நடுக்கட்டத்தை துவெல் பெரும்பாலும் தாண்டிக் குதித்துவிட்டது. ஆலைத் தொழிலாளர்கள் 12லிருந்து 35 மட்டுமே. கோட்பாடு முதலில் வந்தது, கிராமம் பிறகு வந்தது. நாவலாசிரியர்களில் சிலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். அவர்களை நாம் கண்டிக்கிறோம். பொருளாதார அறிஞர் என்றால் விட்டுவிடுகிறோம்.

வீட்டுக் கணக்கையும் பார்க்கலாம். 534 பேருக்கு 163 வீடு, வீட்டுக்கு 3.3 பேர். 670 பேருக்கு 212 வீடு, வீட்டுக்கு 3.2 பேர். முப்பது ஆண்டுகளில் எல்லாம் தலைகீழாக மாறியதாகச் சொல்லப்படும் ஊரில் ஒரு கூரையின் கீழ் வாழ்கிறவர்களின் எண்ணிக்கை அசையவில்லை. ஆனால் அந்த மூன்று பேர் அதே மூன்று பேர் அல்ல என்று ஊகிக்க முடியும். முன்பு கிழவி, மகன், மருமகள்; இப்போது கணவன், மனைவி, குழந்தை. ஓர் எண் மாறாமல் இருக்கும்போதுதான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

கார்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 5லிருந்து 280. வீட்டுக்கு ஒன்றுக்கும் மேல். இதை வசதி என்று படிப்பது சுலபம். எனக்கு இது பூகோளமாகப் படுகிறது. காவோருக்கு நடந்துபோனால் இரண்டரை மணி நேரம். காரில் கால்மணி நேரம். துவெல் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு நகரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்தக் கால்மணி நேரம்தான் 102 சேவைத் தொழிலாளர்களையும், 20 ஆண்டுகளுக்குள் கட்டப்பட்ட 50 புது வீடுகளையும் சாத்தியமாக்கியது.

அப்படியானால் காவோரிலிருந்து கால்மணி நேரத்தில் இல்லாத ஊர்களுக்கு என்ன ஆயிற்று? இங்கேதான் பேரேடு கசக்கிறது. 1946க்கும் 1975க்கும் நடுவே பிரான்ஸின் ஜனத்தொகை ஏறத்தாழ 4 கோடியிலிருந்து 5 கோடியே 26 லட்சமாக ஏறியது. லோத் மாவட்டத்தின் ஜனத்தொகை ஏறவே இல்லை. ஒன்றரை லட்சத்தை ஒட்டியே நின்று, கொஞ்சம் குறையவும் செய்தது. ஏறாத மாவட்டத்துக்குள் துவெல் 534லிருந்து 670 ஆனது என்றால், வேறு எங்கோ அந்த எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும். நதிக்கரையை விட்டு மேலே, பீடபூமியில், நகரத்துக்கு எட்டாத கல்வீட்டு ஊர்கள் பல காலியாகிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு இதே அட்டவணையைப் போட்டிருந்தால், இரண்டாம் பத்தியில் எழுதுவதற்கு அதிகம் இருந்திருக்காது. ஃபூராஸ்தியே தன் ஊரை எடுத்துக்கொண்டார், அது இயல்பு. நாடு முழுவதற்கும் அந்த ஊரை உருவகமாக்கியதும் நடந்தது. உருவகத்தில் எப்போதும் விடுபட்டவர்கள் இருப்பார்கள்.

'கண்ணுக்குத் தெரியாத' புரட்சி என்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. 208 விவசாயிகள் 53 ஆனது பனி உருகுவதைப் போலத் தானாக நடந்த காரியம் அல்ல. 1960லும் 1962லும் விவசாயத்தைத் திருத்தி அமைக்கும் சட்டங்கள் வந்தன. எட்கார் பிஸானி அமைச்சராக இருந்தபோது வந்த இரண்டாவது சட்டம், நிலத்தை விட்டு விலகும் வயதான விவசாயிகளுக்கு ஆயுள் முழுவதும் ஒரு தொகை கொடுத்தது. சின்ன நிலங்கள் சேர்ந்து பெரிய நிலங்களாக வேண்டும்; அதற்காகக் கிழவர்கள் விலக வேண்டும். கிழவர் கையெழுத்துப் போட்டார், தொகை வந்தது, விவசாயி என்ற வரியில் ஓர் எண் குறைந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்த மகன் இருந்திருப்பான், அதை வாங்கிய குமாஸ்தா இருந்திருப்பார். அவர்கள் கண்ணுக்கு அது தெரிந்துதான் இருந்தது.

4

பெயர்களைப் பற்றி. யுத்தத்துக்குப் பின்னான பிரெஞ்சு கிராமங்களைப் பற்றிய நூல்களில் பொய்ப்பெயர் ஒரு வழக்கமாகவே இருந்திருக்கிறது. அமெரிக்கரான லாரன்ஸ் வைலி 1950-51இல் தென்கிழக்கே ரூஸியோன் என்ற ஊரில் குடும்பத்தோடு தங்கி, 1957இல் எழுதிய நூலில் அதைப் பெய்ரான் என்று அழைத்தார். எட்கார் மொரான் பிரித்தானியில் உள்ள ப்ளொஸேவே என்ற ஊரை ஆராய்ந்து 1967இல் எழுதியபோது அது ப்ளொதெமே ஆயிற்று. இந்தப் பெயர்கள் ஊராரை மறைப்பதற்காக வைக்கப்பட்டவை. நேர்மையான காரணம். மறைப்பு அதிக நாள் நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஃபூராஸ்தியேயின் பொய்ப்பெயர்கள் வேறு வகை. அவை மறைப்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல. சில பக்கங்கள் கழித்து அவிழ்ப்பதற்காகவே வைக்கப்பட்டவை. ஓர் ஊருக்கு இரண்டு பெயர் கொடுத்ததன் மூலம் அவர் நம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார், அவர் கேட்க நினைத்தாரோ இல்லையோ. இரண்டும் ஒரே ஊர் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? தொழில் வேறு, வீடு வேறு, சாப்பாடு வேறு, ஆட்களும் பெரும்பாலும் வேறு. நதியின் வளைவும் பெயரும் மட்டும் அதே. வாசகன் அவற்றை இரண்டு ஊர்கள் என்று நம்பியது ஏமாந்ததால் மட்டும்தானா? அவன் நம்பியதிலும் ஓர் உண்மை இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அவிழ்த்த முடிச்சைவிட அவிழாத முடிச்சு இங்கே பெரியது.

அட்டவணையில் இல்லாத ஒரு வரியையும் சொல்ல வேண்டும். அது மொழி. பிரெஞ்சுக் குடிக்கணக்கு வழக்கமாக மொழியைக் கேட்பதில்லை. பிரெஞ்சுக் குடிமகனின் மொழி பிரெஞ்சு, கேள்வி எதற்கு? ஆனால் 1946இல் கேர்ஸியின் கிராமங்களில் கிழவர்கள் தங்களுக்குள் பேசியது ஒக்ஸிதான் மொழியை. பள்ளிக்கூடம் அதை நாட்டுப்புறக் கொச்சை என்று ஒதுக்கியது. வீட்டில் பிள்ளைகளிடம் பேசுவது பிரெஞ்சு, வயலில் மாட்டிடம் பேசுவது பழைய மொழி என்ற நிலை. மாடு போய் டிராக்டர் வந்தபின் அந்தப் பேச்சுக்கும் ஆள் இல்லாமல் போயிற்று. இன்றைக்கு துவெல் பிரெஞ்சு பேசும் கிராமம் என்று சொன்னால் சரிதான். அப்படி ஆனதும் பெருமளவுக்கு அந்த வெள்ளைக் கோட்டுக்குள் நடந்ததுதான். 'வீட்டில் பேசும் மொழி' என்று ஒரு வரி இருந்திருந்தால், குளிர்பதனப் பெட்டிக்கு நேர் எதிராக, இடப்பக்கம் பெரிய எண்ணும் வலப்பக்கம் சின்ன எண்ணும் இருந்திருக்கும்.

காவோர் இதை முன்பே பார்த்த ஊர். பிரெஞ்சுக் கவிதையின் முக்கியமான பெயர்களில் ஒன்றான கிளெமான் மரோ 1496ஐ ஒட்டி அங்கே பிறந்தவர். பத்து வயது நிறையும் முன்பே வடக்கே கொண்டுபோகப்பட்டு, அங்கே பிரெஞ்சு கற்று, தாய்மொழியை மறந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அரசவைக் கவிஞனுக்குப் பதினாறாம் நூற்றாண்டில் நடந்தது, படகுக்காரனின் பேரனுக்கு இருபதாம் நூற்றாண்டில் நடந்தது. முன்னவர் எழுதி வைத்தார். பின்னவனுடையதை எழுதி வைக்க அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை.

ஒரு சின்ன எச்சம் மட்டும் உண்டு. அந்த நதிக்குப் பழைய மொழியில் பெயர் ஓல்த். அதன் முன் 'அந்த' என்பதைப் போன்ற சொல்லுருபு ஒட்டி 'லோல்த்' ஆயிற்று. வடக்கிலிருந்து வந்த மொழி அந்த ஒட்டையும் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு 'லோத்' என்றது. அதற்கு முன்னால் மறுபடி தன்னுடைய சொல்லுருபையும் வைத்தது. இன்று பிரெஞ்சில் அந்த நதியைச் சொல்கிறவன் ஒவ்வொரு முறையும் 'அந்த அந்த ஓல்த்' என்று சொல்கிறான், தெரியாமல். 1947இல் துவெல்லுக்குப் பக்கத்தில் பார்னாக் என்ற ஊரில் திராட்சை விவசாயிகள் கூட்டுறவு ஒன்றை அமைத்தபோது, தங்கள் ஒயினுக்கு 'ஓல்த் சரிவுகள்' என்று பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். மொழி வாயிலிருந்து இறங்கிப் புட்டியின் சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

5

இதை எழுதும்போது என் மனசில் இருந்த சண்டை ஃபூராஸ்தியேயோடு அல்ல. அவர் தன் வேலையைச் செய்தார். அதை நன்றாகவும் செய்தார். வசதி பெருகியும் ஜனங்கள் மனநிறைவு அடையவில்லை என்பதை நூலின் பின்பகுதியில் அவரே பேசுகிறார். என் சண்டை நம்மைப் போன்றவர்களோடு.

ஆன்ரி மாந்த்ராஸ் 1967இல் 'விவசாயிகளின் முடிவு' என்ற பொருளில் ஒரு நூல் எழுதினார். அந்த முடிவை இரங்கிப் பாடுவது எழுத்தாளர்களின் தொழிலாகவே ஆகிவிட்டது, பிரான்ஸிலும் மற்ற இடங்களிலும். மண், கிணறு, மாடு, பாட்டியின் கை. இரங்கலைப் பாடுகிறவர் செஸ்ஸாக்கில் உட்கார்ந்துகொண்டு மாடேரைப் பற்றி எழுதுகிறார். எழுதி முடித்ததும் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர் குடிக்கிறார். இதில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் 1946இல் பிரான்ஸில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 70க்கு மேல் ஒரு வயது நிறையும் முன் இறந்தன, 1975இல் 14. இரங்கல் கவிதையில் இந்த எண்ணுக்கு எதிராக வைக்க என்ன இருக்கிறது? இருக்கலாம். இருந்தால் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கிணற்றடியைப் பற்றி மட்டும் எழுதினால், வெறும் அட்டவணை எந்த அளவுக்குப் பாதி உண்மையோ அந்த அளவுக்கே அந்தக் கவிதையும் பாதி உண்மை.

மறுபக்கமும் உண்டு. முன்னேற்றம் என்று கைதட்டுகிற எழுத்தாளரும் நம்மிடையே இருக்கிறார். அவருக்கு வலப்பக்கப் பத்தி போதும். பீடபூமியில் காலியான ஊர், கையெழுத்துப் போட்ட கிழவர், கணக்கில் வராத பெண், புட்டிச் சீட்டில் ஒதுங்கிய மொழி, இவையெல்லாம் அவருக்கு விலை, கொடுத்தாயிற்று, முடிந்தது. வங்கியில் ஒரு கணக்கை முடித்தால்கூட அதைப் பேரேட்டிலிருந்து கிழித்துப் போட்டுவிடுவதில்லை. சிவப்புக் கோடு போட்டு வைத்திருப்போம்.

துவெல்லின் கதையிலும் கணக்கு முடியவில்லை. 1956 பிப்ரவரியில் வந்த கடும் உறைபனி மீந்திருந்த திராட்சைக் கொடிகளையும் கொன்றது. இனி இந்த மண்ணில் திராட்சை இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மறுபடி நட்டார்கள். 1971இல் காவோர் ஒயினுக்கு அரசாங்கம் பிறப்பிடச் சான்று அளித்தது. 1975இன் அட்டவணையில் மிஞ்சிய அந்த 53 பேர், அழிந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்தின் எச்சம் என்று தெரிகிறார்கள். அவர்களை உள்ளிட்ட பிரதேசமோ, நூறு வருஷத்துக்கு முன் படகுகளில் ஏற்றி அனுப்பிய அதே கறுப்பு ஒயினை மறுபடி வெளியே அனுப்பத் தொடங்கியிருந்தது. மாடேர் இழந்துவிட்டிருந்த ஒரு பழமை செஸ்ஸாக்கில் திரும்பி வந்தது. இரண்டு பத்திகளையும் இடமிருந்து வலமாக மட்டும் படிக்கிறவனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

ஃபூராஸ்தியே 1990இல் துவெல்லில் காலமானார். ஊரில் இப்போது ஏறத்தாழ 800 பேர் இருக்கிறார்கள். மூன்றாவது பத்தி ஒன்று வேண்டுமென்றால் போடலாம், எண்கள் கிடைக்கின்றன. நான் படிக்க விரும்புவது வேறொன்றை. 208க்கும் 53க்கும் நடுவில் இருக்கும் 155 பேரில் ஒருவர், தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நதி வளைவு வழியாக வீட்டுக்கு நடந்துபோன அந்த மாலையை. அவர் எந்த மொழியில் யோசித்துக்கொண்டு போனார் என்பதையும். அதை எழுதுவது எங்கள் வேலை இல்லை என்று பொருளாதாரக்காரர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். நாமும் அப்படிச் சொல்ல முடியாது.